கின்னர்ட் துறைமுகத்துக் கூப்பன்கள்

ஜெஸ்ஸி டல்லக் தன் கடையில் யாருக்கும் சீட்டு எழுதித் தரமாட்டாள். மாவு, தேயிலை, மெழுகுவத்தி, ஆணி, மண்வெட்டி, கம்பளிக் காலுறை எல்லாம் அவளிடம் இருக்கும். மீதிச் சில்லறை மட்டும் இருக்காது. அப்படி இல்லாதபோது மீதிக்கு ஆணி அள்ளித் தருவாள், இல்லை இரண்டு மெழுகுவத்தி தருவாள், இல்லையென்றால் "அடுத்த தடவை வாங்கிக்கோ, என் தலையில எழுதி வச்சிருக்கேன்" என்பாள். இவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடு என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் சிவந்துவிடும். நியூசிலாந்தின் மேற்குக் கரையில், மழையைத் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்காத எங்கள் கின்னர்ட் துறைமுகத்தில் இது எல்லோருக்கும் தெரியும். தங்கம் தோண்டப் புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய ஆட்கள் சொல்லிவைக்கும் முதல் எச்சரிக்கையே இதுதான். ஆற்று வெள்ளத்தைப் பற்றியெல்லாம் அப்புறம்தான் சொல்வார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் பிறந்தது ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, ஷெட்லாந்து தீவுகளில். அங்கே ஆண்கள் மீன்பிடிக்கப் போவார்கள், பெண்கள் சால்வை பின்னுவார்கள். முழுச் சால்வையையும் ஒரு கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாம், அவ்வளவு மெல்லிசு. ஒரு குளிர்காலம் முழுக்க அம்மா பின்னிய சால்வையை வியாபாரியிடம் கொண்டுபோனால், அவன் காசு தரமாட்டான். சீட்டு எழுதித் தருவான். அந்தச் சீட்டு அவன் கடையில் மட்டும் செல்லும். அங்கும் தேயிலைக்கும் துணிக்கும்தான் செல்லும். வீட்டில் மாவு இல்லாத அன்று, அம்மா அந்தச் சீட்டைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் பாதி விலைக்கு விற்று மாவு வாங்குவாள். பத்து ஷில்லிங் உழைப்பு ஐந்து ஷில்லிங் மாவாக வீட்டுக்கு வரும். ஒருமுறை எட்டு வயது ஜெஸ்ஸி குறுக்கே புகுந்து, "காசாத் தாங்க" என்று கேட்டுவிட்டாள். அவன் கோபப்படவில்லை. கணக்குப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, அம்மாவின் பெயர் போட்ட பக்கத்தை விரலால் தட்டிக் காட்டினான்.

"உங்கம்மா எனக்குத் தரவேண்டியதுடி இது. காசு கேக்க வேண்டியது யாருன்னு நீயே சொல்லு."

அம்மா தலைகுனிந்து நின்றாள். அந்தப் பக்கத்தை ஜெஸ்ஸி சாகும்வரை மறக்கவில்லை.

இருபத்திரண்டு வயதில் படகோட்டி மாக்னஸ் டல்லக்கைக் கட்டிக்கொண்டு, நூற்றுப் பத்து நாள் கப்பல் பயணம் செய்து இங்கே வந்து சேர்ந்தாள். ஊரே தங்கம் தங்கம் என்று ஆற்றுமணலைச் சலித்துக்கொண்டிருந்த காலம். மாக்னஸ் அந்தப் பக்கமே போகவில்லை. ஆழ்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவரும் வேலை பார்த்தான். ஜெஸ்ஸி ஒரு தகரக் கொட்டகையில் கடை போட்டாள். எங்கள் ஆற்றின் முகத்தில் ஒரு மணல்திட்டு உண்டு. அலை வந்து அதன்மேல்தான் உடையும். 1879 ஆகஸ்டு மாதம் ஒரு காலை, ஆறு மூட்டை சர்க்கரையோடும் நான்கு ஆட்களோடும் மாக்னஸின் படகு அந்தத் திட்டில் கவிழ்ந்தது; ஒருவரும் கரை சேரவில்லை. கரையிலிருந்து கூப்பிடு தூரம். அந்தச் சர்க்கரை அவள் கடைக்கு வரவேண்டியது. அவள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து, அங்கே கல்லால் அலைத்தடுப்புச் சுவர் கட்ட அரசாங்கம் சம்மதித்தது. ஆனால் பணத்தில் ஒரு பங்கை ஊரே கடனாகத் தரவேண்டும் என்றது. இருபத்தைந்து பவுனுக்கு ஒரு பத்திரம், ஆறு சதவீத வட்டி, ஐந்து வருடத்தில் அசல் திரும்ப வரும். ஜெஸ்ஸி வீடு வீடாக ஏறி இறங்கினாள். எங்கள் ஊரும் மேல்பள்ளத்தாக்கும் சேர்ந்து நூற்றுப் பன்னிரண்டு பத்திரம் வாங்கியது. பாதிப்பேர் அவள் பேச்சைக் கேட்டு வாங்கினார்கள். மீதிப்பேர் அவள் பேச்சு எப்படியாவது ஓய்ந்தால் போதும் என்று வாங்கினார்கள். அவளே இரண்டு வாங்கினாள். சுவர் எழும்பியது. அதற்கப்புறம் இன்றுவரை அந்தத் திட்டில் ஒரு படகும் கவிழவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பத்திரத்தில் கடலுக்குக் குறுக்கே கல் போட்டவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்குக் கூச்சமே கிடையாது.

இப்போது கூப்பன் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் பத்துச் சின்னக் கட்டங்கள் அச்சடித்திருக்கும்; அவைதான் கூப்பன்கள். ஒவ்வொன்றிலும் பத்திர எண், ஒரு தேதி, பதினைந்து ஷில்லிங் என்ற தொகை; இருபது ஷில்லிங் ஒரு பவுன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தந்தத் தேதிக் கட்டத்தை வெட்டிக் கொடுத்து வட்டி வாங்கவேண்டும். தேதி வந்தபிறகுதான் வெட்டவேண்டும். இது மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை. 1882இல் தங்கம் வற்றியது, வங்கிக் கிளை மூட்டை கட்டியது, ஊரில் சில்லறைக்குப் பஞ்சம். ஆகஸ்டு மாதத்தில் பிரிஜிட் ஹான்லன் கடைக்கு வந்தாள். ஐரிஷ்காரி, புருஷன் கால் முறிந்து படுத்திருந்தான், மூன்று பிள்ளைகள். நான்கு வாரம் கடன் சொல்லியாயிற்று, ஐந்தாவது வாரமும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பத்திரத்தை மடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"இதை வச்சுக்கோங்க மிஸஸ் டல்லக். பாதி விலை குடுத்தாக்கூடப் போதும்."

அந்தப் பாதி விலை என்ற சொல் ஜெஸ்ஸியை எங்கோ கொண்டுபோய் நிறுத்தியது. பத்திரத்தைப் பிரித்து அடியில் பார்த்தாள்.

"ஜனவரில இந்தக் கட்டத்துக்குப் பதினஞ்சு ஷில்லிங் தருவாங்கல்ல?"

"தருவாங்க. ஆனா இப்ப ஆகஸ்டாச்சே."

"அதுக்குள்ள அரசாங்கம் எங்க ஓடிப்போயிடப் போகுது?"

நூல் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து ஜனவரிக் கூப்பனை வெட்டினாள். பதினைந்து ஷில்லிங்குக்கு மாவும் ஓட்ஸும் உப்புக்கண்டமும் அளந்து போட்டாள். ஒரு பென்னி குறைக்கவில்லை. பத்திரத்தை மடித்துப் பிரிஜிட்டின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அன்று இரவு தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வியாபாரியைத் தோற்கடித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அந்த வியாபாரி செத்து வருடங்கள் ஆகியிருந்தன, அது வேறு விஷயம்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. கூப்பனுக்குக் கறி தரக் கசாப்புக்காரன் டேவி மெக்ரே தயார். மதுக்கடையில் வாங்கிக்கொண்டார்கள். கோயில் காணிக்கைத் தட்டிலும் விழுந்தது, பாதிரியார் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஜெஸ்ஸியிடம் கொண்டுவந்து விளக்கெண்ணெய் வாங்கிப் போனார். 1886 ஜூலை மாதக் கூப்பனை 1883 டிசம்பரிலேயே வெட்டிக் கல்யாணத்துக்கு ஆடு வாங்கியவர்கள் உண்டு. யாராவது சந்தேகப்பட்டால் ஒரே பதில்தான்: "டல்லக் கடையில செல்லும்." செல்லவும் செய்தது, முழு மதிப்புக்கு.

1884 பிப்ரவரியில் மாவட்டக் கருவூலத்திலிருந்து ஹோரேஸ் பிம்லட் வந்தார். ஒல்லியான மனிதர், மழையில் நனைந்த கோட்டு, கையில் தோல்பெட்டி. ஊர்க் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். இந்த மாதிரிக் குறுகிய காலக் கடன்களை காலனி அரசு நிறைய வாங்கியிருக்கிறது, எல்லாம் ஒரே சமயத்தில் முதிர்கின்றன, கட்டுவதற்குத் திரும்பவும் கடன்தான் வாங்கவேண்டும். அதனால் பழைய பத்திரத்தை ஒப்படைத்தால், இருபத்தைந்து பவுனுக்கு இருபத்தேழு பவுன் மதிப்புள்ள நாற்பது வருடக் கடன்பங்கு தரப்படும். வட்டி நான்கு சதவீதம். கையில் காகிதம் எதுவும் கிடையாது; லண்டனில் ஒரு பெரிய பதிவேட்டில் பெயர் எழுதப்படும், வட்டி தபாலில் வரும்.

டேவி மெக்ரே எழுந்தான். எந்தக் கூட்டமானாலும் முதலில் எழுகிறவன் அவன்தான்.

"ஐயா, எனக்கு ஒண்ணு விளங்கல. என் பத்திரத்தை நீங்க எடுத்துட்டுப் போயிடுவீங்க. என் பேரு லண்டன்ல இருக்கும், நான் இங்க இருப்பேன். நாளைக்கு எவனாவது அந்தப் புத்தகத்துல மையைக் கொட்டிட்டா என் பணம் அம்போன்னு போச்சா?"

"ரெண்டு பதிவேடு இருக்கு மிஸ்டர் மெக்ரே. வேற வேற கட்டடத்துல."

"அப்ப ரெண்டு மைப்புட்டி வேணும்."

கூடம் சிரித்து அடங்குவதற்குள் ஜெஸ்ஸி எழுந்துவிட்டாள். அவள் கூட்டத்தில் பேசுகிறவள் அல்ல. பேசுவதையெல்லாம் வீட்டுவாசலில் பேசி முடித்துவிடுவாள்.

"டேவி, ரெண்டரை வருஷத்துக்கு வருஷம் முப்பது ஷில்லிங், அப்புறம் அசல் எப்ப வரும்னு வானத்தைப் பாத்துட்டு இருக்கணும். இல்லன்னா நாப்பது வருஷத்துக்கு வருஷம் இருபத்தொரு ஷில்லிங் சொச்சம், நீ செத்தாலும் உன் பிள்ளைக்கு வரும். நீ கறிக்கடைக்காரன், இது உனக்குத் தெரியாதா." கொஞ்சம் நிறுத்தினாள். "புத்தகத்துல பேரு எழுதறதுன்னா எனக்கும் பயம்தான். எங்கம்மா பேரும் ஒரு புத்தகத்துல இருந்துச்சு, கடன்காரி பக்கத்துல. இந்தப் புத்தகத்துல நம்ம பேரு கடன் குடுத்தவங்க பக்கத்துல இருக்கும். லண்டன்காரன் புத்தகத்துல, மேல்பள்ளத்தாக்கு ஹான்லனும் கின்னர்ட் டல்லக்கும், அரசாங்கத்துக்குக் கடன் குடுத்தவங்க. வேற எதுக்கு இல்லாட்டியும் அதுக்காகவே நான் கையெழுத்துப் போடுவேன்."

கூடத்தில் பல தலைகள் ஆடின. பிம்லட்டுக்கு முகம் மலர்ந்தது. அடுத்த நிபந்தனையை அவர் சாதாரணமாகத்தான் வாசித்தார்.

"இன்னும் முதிராத அஞ்சு கூப்பனும் பத்திரத்தோட இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் பத்திரத்தை ஏத்துக்க முடியாது. மார்ச் பதினெட்டாம் தேதி வர்ற நீராவிக் கப்பல்தான் கடைசி."

யாரோ இருமினார்கள். பிறகு கூடம் மொத்தமும், பாதிரியார் உட்பட, மெல்லத் திரும்பி ஜெஸ்ஸியைப் பார்த்தது.

விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டபோது பிம்லட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அரசாங்கக் கூப்பனை வச்சுக் கறி வாங்குனீங்களா? இது சட்டத்துக்கு..."

"சட்டத்துல கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?" என்றாள் ஜெஸ்ஸி.

எங்கும் போட்டிருக்கவில்லை. இப்படி ஒரு ஊர் இருக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எண்ணிப் பார்த்தார்கள். வெட்டப்பட்டு ஊருக்குள் அலையும் கூப்பன்கள் எண்பத்தேழு. நாற்பத்தோரு வீட்டுப் பத்திரங்கள் அவற்றால் முடங்கிக் கிடந்தன. பத்திரம் வாங்கச் சொன்னவள் ஜெஸ்ஸி, கூப்பனை முதலில் வெட்டியவள் ஜெஸ்ஸி. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை கடைக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினாள்: கூப்பன் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து கொடுத்து, முழு மதிப்புக்கும் சரக்கு எடுத்துக்கொள்ளலாம். யாருடைய எண்ணோ அவரிடம் அந்தக் கூப்பன் போகும்; அவர் பதினைந்து ஷில்லிங்கை வட்டி வர வரத் தனக்குத் தந்தால் போதும். ஒரு வாரத்தில் முப்பத்தொன்று வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. டேவி மெக்ரேயிடம் மட்டும் எட்டு இருந்தன, அவன் வரவே இல்லை. அவளே போனாள்.

"எட்டும் ஆறு பவுன் ஜெஸ்ஸி. ஆறு பவுனுக்கு மாவு வாங்கி நான் என்ன பண்றது, ஆட்டுக்குப் போடவா?"

"எல்லாருக்கும் குடுக்கக் காசு என்கிட்ட இல்ல டேவி. பெட்டியில மொத்தமே ஒம்பது பவுன்தான்."

"காசு எவன் கேட்டான். பதினஞ்சு ஷில்லிங் தரவேண்டியதுன்னு எழுதிக் குடு. உன் கையெழுத்து போதும் எனக்கு. வேற யாரு எழுதினாலும் வேணாம்."

"நான் சீட்டு எழுதறதில்ல."

"ஊருக்கே தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

அவள் கதவை அறைந்துவிட்டு வந்துவிட்டாள். டேவி பின்னாலேயே வாசல்வரை வந்து, "இந்தக் கோபத்தை எழுதிக் குடுத்தாலும் வாங்கிக்கறேன்" என்று கத்தினான். மதுக்கடைக்காரனும் அதையேதான் சொன்னான். மேல்பள்ளத்தாக்குக்காரர்களும் அதையே சொன்னார்கள். எல்லோருக்கும் அவள் எழுத்து வேண்டும். அவளுக்கோ அந்த வியாபாரியின் மேசை கண்முன் வந்து நின்றது. நான்கு நாள் வீம்பாக இருந்தாள். கப்பல் வர ஆறு நாள்தான் மிச்சம் என்ற நிலையில் பிரிஜிட் ஹான்லன் கடைக்கு வந்தாள். அவள் பத்திரத்தில் ஐந்து கூப்பனும் இல்லை. எல்லாவற்றையும் ஜெஸ்ஸி கடையிலேயே வெட்டியிருந்தாள்.

"நான் குத்தம் சொல்ல வரல மிஸஸ் டல்லக். அன்னைக்கு நீங்க அந்த மாவு போடலன்னா என் சின்னவ இன்னைக்கு இல்ல. போனது போகட்டும். எங்க பேரு லண்டன்ல இல்லாட்டியும் பரவாயில்லன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ஜெஸ்ஸிக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகத் தன்மேலேயே கோபம் வந்தது. சீட்டிலா தப்பு? சீட்டுக்குக் காசு தரமாட்டேன் என்று அந்த வியாபாரி சொன்னதல்லவா தப்பு? இந்தச் சின்ன விஷயம் தன் மண்டையில் ஏற முப்பது வருடம் ஆகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளைத்தாளை எடுத்துக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினாள். முதல் சீட்டை எழுதினாள்.

*இதைக் கொண்டுவருபவருக்குப் பதினைந்து ஷில்லிங். பொருளாகவோ காசாகவோ, அவர் விருப்பப்படி. — ஜெஸ்ஸி டல்லக்.*

காசாகவோ என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டாள். பேனா தாளைக் கிழிக்கப் பார்த்தது.

ஐம்பத்தாறு சீட்டு. நாற்பத்திரண்டு பவுன். எல்லோரும் ஒரே நாளில் வந்து காசு கேட்டால் கடை, கொட்டகை, மாக்னஸின் பழைய படகுத் துடுப்பு எல்லாம் ஏலத்துக்குப் போகும். இது அவளுக்கும் தெரியும், வாங்கியவர்களுக்கும் தெரியும். ஊர் அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனை நாற்பது வருடத்துக்கு மாற்றிக்கொள்ள, ஊரின் சில்லறைக் கடனையெல்லாம் ஒரு பெண் தன் தலைமேல் ஏற்றிக்கொண்டாள். டேவி மெக்ரே தன் எட்டுச் சீட்டையும் வாங்கி மோந்து பார்த்து, "பேங்க் நோட்டைவிட இது நல்லாருக்கு, தேயிலை வாசம் அடிக்குது" என்றான். அன்று சாயங்காலமே ஊர் முழுக்கக் கூப்பன் கிளம்பிவிட்டது. வேதப் புத்தகத்துக்குள்ளிருந்து, தேயிலை டப்பாவிலிருந்து, தொப்பி உள்பக்கத்திலிருந்து வந்தது. கறிக்கடைக் கூப்பனில் கொழுப்புக் கறை, கோயில் கூப்பனில் மெழுகுச் சொட்டு. பிம்லட் மேசை போட்டு உட்கார்ந்து எண் பார்த்துப் பார்த்து அந்தந்தப் பத்திரத்தோடு பசை தடவி ஒட்டினார். மூன்றாம் நாள் அவர் கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டைக்கையை மடித்துக்கொண்டார். ஐந்தாம் நாள் டேவியோடு சேர்ந்து சிரித்தார்.

எண்பத்தாறு வந்தது. ஒன்று வரவில்லை. அறுபத்தொன்றாம் எண், 1886 ஜூலை. பிரிஜிட் ஹான்லனுடைய கூப்பன்.

விசாரித்ததில் தடம் கிடைத்தது. டிசம்பரில் மதுக்கடைச் சீட்டாட்டத்தில் அதை ஜெயித்தவன் பதினெட்டாம் தேதி வரவேண்டிய அதே நீராவிக் கப்பலின் சமையல்காரன் ட்ரெவின். அதாவது அந்தக் கூப்பன் மூன்று மாதமாகக் கடலில் சுற்றிக்கொண்டிருந்தது. பிம்லட் மெதுவாகச் சொன்னார்: "அவன் வேற துறைமுகத்துல செலவழிச்சிருப்பான் மிஸஸ் டல்லக். நூத்திப் பதினொண்ணு போதாதா. ஊர் தப்பிச்சுதுன்னு நினைச்சுக்கோங்க."

"எங்க செலவழிப்பான்? வேற எந்த ஊருல அது செல்லும்?"

"தொலைச்சிருக்கலாம்."

"பதினஞ்சு ஷில்லிங்கை எந்தச் சமையக்காரனும் தொலைக்கமாட்டான். வரும், பாருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, பதினெட்டாம் தேதி அவள் விடியுமுன்பே கடையைத் திறந்துவிட்டாள். கடலில் ஓதம் ஏறி நீர் உயரும்போது கப்பல் வந்து, ஓதம் இறங்குமுன் போய்விடும். மூன்று மணி நேரம்தான் நிற்கும். அலைத்தடுப்புச் சுவருக்கு உட்புறம் அது சாதுவாக வந்து நின்றது. பிம்லட் பெட்டியில் நூற்றுப் பதினொரு பத்திரத்தையும் அடுக்கி, பிரிஜிட்டின் பத்திரத்தை மேலே தனியாக வைத்து, மூடியைத் திறந்தே வைத்திருந்தார். அரக்கு உருகிக்கொண்டிருந்தது. பிரிஜிட் மூலையில் ஒரு மாவுமூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

ட்ரெவினைத் தேடி ஆள் அனுப்பவேண்டியிருக்கவில்லை. கப்பலைத் துறையில் கட்டிய கால் மணி நேரத்தில் அவனே கடைக்குள் வந்தான். பூட்சின் அடி பிளந்து விரல் தெரிந்தது.

"ஒரு ஜோடி பூட்ஸ் வேணும்மா. இது செல்லுமா?" கழுத்துத் துணியை அவிழ்த்து உள்ளேயிருந்து மடித்த துண்டுத்தாளை எடுத்தான். "நெல்சன்ல காட்டினேன், சிரிக்கறான். இன்னொரு ஊர்ல ஒருத்தன், பைப் பத்தவச்சுக்கோங்கறான்."

"பத்தவச்சியா?" என்று கேட்டாள் ஜெஸ்ஸி.

"ஏன் பத்தவைக்கணும்? உங்க கடையில செல்லுமே."

பிரிஜிட் மூட்டைமேலிருந்து எழுந்து நின்றாள். ஜெஸ்ஸி தாளை வாங்கி எண்ணைப் பார்க்காமலே பிம்லட்டிடம் கொடுத்தாள். பூட்ஸ் பதினான்கு ஷில்லிங். மீதிக்குப் பணப்பெட்டியில் சில்லறையென்று கடைசியாகக் கிடந்த ஒரு ஷில்லிங்கை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள். ஆணி கொடுக்கவில்லை. ட்ரெவினுக்கு அந்தக் கடையில் எதற்காக இரண்டு பெண்கள் தன்னைப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள் என்று விளங்கவே இல்லை. புது பூட்சோடு விசிலடித்துக்கொண்டு போய்விட்டான்.

நூற்றுப் பன்னிரண்டு. பிம்லட் பெட்டியை மூடி அரக்கு முத்திரை வைத்தார். பிறகு, தன் கால்களும் இந்த ஊரில் நனைந்தே கிடந்தன என்று நினைவு வந்து, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை எடுத்துக்கொண்டு அரைப் பவுன் காசை நீட்டினார். காலுறை ஆறு ஷில்லிங். கடைப் பணப்பெட்டியில் சில்லறை இல்லை. கப்பல் ஊதிவிட்டது.

"ஆணி குடுத்தா வாங்கிப்பீங்களா?"

"கருவூலத்துல ஆணி அடிக்க விடமாட்டாங்க மிஸஸ் டல்லக்."

ஜெஸ்ஸி யாரும் கேட்காமலே பேனாவை எடுத்தாள். நான்கு ஷில்லிங், பொருளாகவோ காசாகவோ, அவர் விருப்பப்படி. பிம்லட் அதை இரண்டு முறை வாசித்து, மடித்து, மார்புச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சட்டம் என்ற பேச்சை எடுக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து லண்டனிலிருந்து கடிதங்கள் வந்தன, ஊர் முழுக்க ஒரே நாளில். ஜெஸ்ஸி டல்லக், கடை நடத்துபவர், கின்னர்ட் துறைமுகம், ஐம்பத்து நான்கு பவுன் என்று அவளுடையதில் இருந்தது. அவள் அதைக் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். அம்மாவை நினைத்தாள். பெருமையாக இருந்தது, அதை மறைக்கவேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. அன்று கடைக்கு வந்த எல்லோரிடமும் கடிதத்தைக் காட்டினாள், அவர்களும் தங்கள் கடிதத்தைக் காட்டினார்கள். வியாபாரம் ஒன்றும் நடக்கவில்லை.

அவள் சீட்டுகளோடு ஒரே நாளில் யாரும் வந்து நிற்கவில்லை. வட்டி வர வரப் பத்திரக்காரர்கள் அவளுக்குக் கட்டினார்கள், சீட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. காசு கேட்டவருக்குக் காசு, சரக்கு கேட்டவருக்குச் சரக்கு. ஒரு சீட்டும் ஒரு பென்னி குறைத்துக் கைமாறியதாகக் கேள்வியில்லை. டேவி மெக்ரேதான் கடைசி. மகள் கல்யாணத்தன்று எட்டையும் மொத்தமாகக் கொண்டுவந்து, "வாசம் போயிடுச்சு, இனி எதுக்கு" என்று மேசைமேல் போட்டான். 1887 கோடையில், யாருக்கும் கொடுக்கப்படாமலே மிஞ்சிய ஒன்றோடு சேர்த்து, ஐம்பத்தாறும் அடுப்பில் எரிந்துவிட்டன.

மிச்சம் ஒன்றே ஒன்று. தலைநகர் வெலிங்டனுக்கு மாற்றலாகிப் பெரிய பதவிக்குப் போய்விட்ட பிம்லட்டுக்கு ஜெஸ்ஸி எழுதினாள்: நான்கு ஷில்லிங் தயாராக இருக்கிறது, சீட்டை அனுப்பவும். பதில் வந்தது.

*அன்புள்ள மிஸஸ் டல்லக், இந்தக் காலனியின் பத்திரங்களை ஆயிரக்கணக்கில் வாங்கி, துளையிட்டு, ரத்துசெய்திருக்கிறேன். அது என் வேலை. தங்களுடையதை மட்டும் மாற்றிக்கொள்ள விருப்பமில்லை. 'அவர் விருப்பப்படி' என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். காலுறை இன்னும் கிழியவில்லை.*

அவளுக்குக் கடும் கோபம். "இந்த மனுசனுக்குக் கணக்கு முடிக்கத் தெரியல. இவரு கிட்டயா கருவூலத்தைக் குடுத்து வச்சிருக்காங்க?" என்று ஒரு மாதம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அதற்கப்புறம் மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் மரியாதையான மறுப்பு வந்தது.

ஜெஸ்ஸி 1906இல், அறுபத்து மூன்று வயதில், மார்ச்சளியில் இறந்தாள். கடைசிப் பத்து வருடம் அவளோடு கடையைப் பார்த்துக்கொண்டவள் பிரிஜிட் ஹான்லன். ஈமச்சடங்கு முடிந்த மறுவாரம் பிரிஜிட் பணப்பெட்டியைச் சுத்தம் செய்தபோது, அடித்தட்டில் ஒரு புகையிலை டப்பா அகப்பட்டது. உள்ளே நான்கு வெள்ளி ஷில்லிங், எல்லாம் மகாராணியின் இளவயதுத் தலை போட்டவை. இந்தப் பத்து வருடத்தில் எத்தனை நாள் சில்லறையில்லாமல் இருவரும் தவித்திருக்கிறார்கள், எத்தனை படி ஆணி அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பிரிஜிட்டுக்குத் தெரியும். அந்த நான்கையும் ஜெஸ்ஸி ஒரு நாளும் தொடவில்லை. டப்பாவுக்குள் ஒரு துண்டுத்தாளும் இருந்தது: *மிஸ்டர் பிம்லட்டுடையது. எப்போது வந்து கேட்டாலும்.*

பிரிஜிட் காசைத் துடைத்து, திரும்ப டப்பாவில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். அப்போது ஒருவர் மெழுகுவத்தி வாங்க வந்தார். மூன்று பென்ஸ் மீதி தரவேண்டியிருந்தது, பெட்டியில் வேறு சில்லறை இல்லை. பிரிஜிட் ஆணி அள்ளிக் கொடுத்தாள்.